கரடிக்கும் பேத்திக்கும் ஒரே தொண்டை
சுருதி வேறு, குரலின் உருவம் வேறு: ஃபார்மன்ட் என்னும் இரண்டாவது திருகு பற்றி ஓர் எளிய விளக்கம்

ஏற்காட்டில் கரடியூர் இருக்கிறது, கரடிக் குகை இருக்கிறது, சேர்வராயன் கோயில் இருக்கிறது. குழந்தைகளுக்கு ஒலிக்கதை செய்ய இதைவிட நல்ல களம் கிடைக்காது. பாட்டி, பேத்தி, கரடி என்று மூன்று பாத்திரங்களை வைத்து நீங்கள் ஒரு கதை எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பேச வேறு ஆள் இல்லை. மைக் முன்னால் நீங்கள் ஒருவர்தான், அதுவும் ஆண் குரல். மூன்று பேருக்கும் நீங்களே பேசிவிட்டு, கம்ப்யூட்டரில் குரலை மாற்றிக்கொள்ளலாம் என்று உட்காருகிறீர்கள்.

மென்பொருளில் 'பிட்ச்' என்று ஒரு திருகு இருக்கிறது. பேத்திக்காக அதை மேலே ஏற்றினால் பேத்தி வருவதில்லை, கார்ட்டூனில் பேசும் அணில் வருகிறது. கரடிக்காக இறக்கினால் பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டரில் ஓடும் கேசட் போல இழுக்கிறது. மென்பொருளில் கோளாறு ஒன்றும் இல்லை. மனிதக் குரலுக்கு அளவுகள் இரண்டு. ஒன்று சுருதி, மற்றொன்று தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் நீளம். நீங்கள் திருகிய திருகு இரண்டையும் ஒரே வீதத்தில் மாற்றிவிட்டது. குழந்தைக்கும் பெரியவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இந்த இரண்டும் ஒரே வீதத்தில் மாறுவதில்லை. இந்த ஒரு செய்தி புரிந்தால் மற்றதெல்லாம் வெறும் கணக்குதான்.

தொண்டையில் பிறப்பது, வாயில் உருவாவது

நாம் பேசும்போது குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சிறு மடிப்புகள், அதாவது குரல்நாண்கள், மூடி மூடித் திறக்கின்றன. சாதாரணப் பேச்சில் ஆணுக்கு இது நொடிக்கு 100 முதல் 130 தடவை நடக்கும். பெண்ணுக்கு 200 தடவையை ஒட்டி. சிறு குழந்தைக்கு 250-ஐத் தாண்டி. இதுதான் சுருதி. அந்த இடத்தில் மைக் வைத்துக் கேட்க முடிந்தால் பேச்சு கேட்காது, ஒரு ரீங்காரம்தான் கேட்கும். நொடிக்கு 120 அதிர்வு என்றால் அதன் மடங்குகளான 240, 360, 480 என்று பல ஒலிகள் அதில் அடுக்கடுக்காக இருக்கும்.

அந்த ரீங்காரம் தொண்டை, வாய், உதடு வழியாக வெளியே வருகிறது. இந்த வழி ஒரு குழாய். எந்தக் குழாய்க்கும் தனக்குப் பிடித்த அதிர்வெண்கள் உண்டு. அவற்றுக்கு அருகே இருக்கும் மடங்குகளை அது தூக்கிக் கொடுக்கும், மற்றவற்றை அமுக்கும். அப்படித் தூக்கிக் கொடுக்கப்படும் இடங்களுக்குத்தான் ஃபார்மன்ட் என்று பெயர். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிக்கொண்டு போகலாம்.

வளர்ந்த ஆணின் குரல்நாணிலிருந்து உதடு வரை சுமார் 17.5 சென்டிமீட்டர். வாய்க்குள் இருக்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். ஒரு முனை மூடிய குழாய்க்குரிய கணக்குப்படி, வேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 500 அதிர்வு, கிடைக்கும். அடுத்தவை அதன் 3 மடங்கும் 5 மடங்கும்: 1500, 2500. நாக்கை எங்கும் தூக்காமல், உதட்டைக் குவிக்காமல் வாயைச் சும்மா திறந்து ஒலி எழுப்பினால் ஃபார்மன்ட்கள் ஏறக்குறைய இந்த இடங்களில்தான் இருக்கும்.

நாக்கும் உதடும் அசையும்போது குழாயின் வடிவம் மாறுகிறது. ஃபார்மன்ட்களும் இடம் மாறுகின்றன. உயிரெழுத்துகள் பிறப்பது இப்படித்தான். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதைத் தெளிவாகவே வகைப்படுத்துகிறது: அ, ஆ வாயைத் திறப்பதால் பிறக்கும், இ, ஈ, எ, ஏ, ஐ ஆகியவற்றுக்கு நாக்கின் விளிம்பு மேற்பல்லைத் தொடும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவை இதழ் குவிந்து பிறக்கும். இந்த மூன்று வகையையும் இன்று எண்களில் பார்க்கலாம். 1952-இல் பீட்டர்சன், பார்னி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 76 பேரின் ஆங்கில உயிரொலிகளை அளந்தார்கள். அதில் நம் 'ஈ'யை ஒத்த ஒலிக்கு ஆண்களிடம் முதல் ஃபார்மன்ட் 270, இரண்டாவது 2290 ஹெர்ட்ஸ். 'ஆ'வை ஒத்ததற்கு 730, 1090. 'ஊ'வை ஒத்ததற்கு 300, 870. நாக்கு முன்னால் போனால் இரண்டாவது ஃபார்மன்ட் ஏறுகிறது. வாய் திறந்தால் முதலாவது ஏறுகிறது. உதடு குவிந்தால் எல்லாமே தாழ்கின்றன.

குரல்நாண் தருவது மூலம், வாய் தருவது வடிகட்டி என்ற இந்தப் பார்வையை சுவீடனின் குன்னார் ஃபான்ட் 1960-இல் எழுதிய நூல் நிலைநிறுத்தியது. இன்றைய குரல் மென்பொருள்கள் பலவும் இதன் மேல்தான் நிற்கின்றன.

கருவி இல்லாமல் செய்து பார்க்கலாம்

இரண்டும் தனித்தனி என்பதை நம்ப கம்ப்யூட்டர் தேவையில்லை.

ஆ என்று ஆரம்பித்து, கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை அகாரமாகப் பாடுங்கள். சுருதி இரட்டிப்பாகிவிட்டது, ஆனாலும் ஆ, ஆவாகவே இருந்தது. சுருதி மாறியது, ஃபார்மன்ட் மாறவில்லை. அடுத்து, ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டு ஆ, ஈ, ஊ என்று மாற்றுங்கள். இப்போது ஃபார்மன்ட் மாறியது, சுருதி அசையவில்லை. மூன்றாவதாக, அதே ஆ, ஈ, ஊவைக் கிசுகிசுத்துச் சொல்லுங்கள். கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வதே இல்லை, சுருதி என்று ஒன்றே கிடையாது. ஆனால் எழுத்து தெளிவாகக் கேட்கிறது.

கச்சேரியில் மோர்சிங் வாசிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். அந்த நாக்குக் கம்பியின் சுருதி மாறாது. பல்லிடுக்கில் கருவியை வைத்துக்கொண்டு, வாயின் உள்வடிவத்தையும் மூச்சையும் மாற்றி மாற்றித்தான் அவர் விதவிதமான ஒலிகளைக் கொண்டுவருகிறார். ஃபார்மன்ட்டை வைத்தே நடக்கும் வாசிப்பு அது.

ஹீலியம் வாயு தலைகீழான சான்று. அதை உள்ளிழுத்தவர் பேசினால் குரல் கீச்சென்று கேட்கும். சுருதி ஏறிவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். குரல்நாண் அதிரும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஹீலியத்தில் ஒலி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக ஓடுவதால் ஃபார்மன்ட்கள்தான் மேலே தாவுகின்றன. (சிலிண்டரிலிருந்து நேரடியாக இழுப்பது உயிருக்கே ஆபத்து, படித்துத் தெரிந்துகொண்டால் போதும்.)

அப்படியானால் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குப் போனால் குரல் மாறுமா? காற்றழுத்தம் அங்கே ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. ஆனால் ஒலியின் வேகம் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, வெப்பநிலையைப் பார்க்கிறது. சேலத்தின் 35 டிகிரி வெயிலில் நொடிக்கு 352 மீட்டர் ஓடும் ஒலி, ஏற்காட்டின் 15 டிகிரிக் குளிரில் 340 மீட்டர் ஓடும். அதனால்தான் குளிரில் எடுத்த உடனே ஊதும் புல்லாங்குழல் சுருதி இறங்கி நிற்கிறது. நம் வாய்க்குள் இருக்கும் காற்றோ மலையிலும் அடிவாரத்திலும் உடல் சூட்டில்தான் இருக்கிறது. ஆகவே ஃபார்மன்ட் நகர்வதில்லை. ஏற்காட்டில் குரல் கட்டினால் பழி குளிருக்கோ சளிக்கோதான்.

அணில் எங்கிருந்து வந்தது?

கர்நாடக இசையில் ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். பெண்கள் 5 கட்டையை ஒட்டி. ஆர்மோனியத்தில் 1 கட்டையின் ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ், 5 கட்டையின் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஒன்றரை மடங்கு வித்தியாசம். கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால் ஏழு படி. இந்தப் படியைத்தான் மென்பொருள்கள் செமிடோன் என்கின்றன.

சுருதி ஒன்றரை மடங்கு. தொண்டைக் குழாயின் வித்தியாசம் அவ்வளவு இல்லை. வளர்ந்த பெண்ணுக்கு அது சராசரியாக 14.5 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதாவது ஃபார்மன்ட்கள் ஆணைவிட 15 முதல் 20 சதவீதம்தான் மேலே. பீட்டர்சன், பார்னி அளவீடுகளிலும் அதே கதைதான்: 'ஆ'வின் முதல் ஃபார்மன்ட் ஆணிடம் 730 என்றால் பெண்ணிடம் 850, குழந்தையிடம் 1030.

இப்போது பழைய வகைப் பிட்ச் திருகு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒலி முழுவதையும் ஒன்றரை மடங்கு மேலே தள்ளுகிறது. அதோடு ஃபார்மன்ட்களும் ஒன்றரை மடங்கு ஏறுகின்றன. 17.5 சென்டிமீட்டரை ஒன்றரையால் வகுத்தால் 11.7. சுருதி வளர்ந்த பெண்ணுடையது, குழாய் சிறு குழந்தையுடையது. சுருதியை இரண்டு மடங்காக்கினால் குழாய் 8.75 சென்டிமீட்டருக்குச் சுருங்கும். பிறந்த குழந்தையை ஒட்டிய அளவு. பிறந்த குழந்தை வாக்கியம் வாக்கியமாகக் கதை பேசாது. அப்படிப் பேசும் ஒரு பிராணியை நம் காது கேட்டதே இல்லை. அணிலாக இருக்கும் என்று அது முடிவு கட்டிவிடுகிறது.

இந்த வினோதத்தையே 1958-இல் ராஸ் பாக்தசாரியன் என்ற அமெரிக்கர் காசாக்கினார். டேப்பை மெதுவாக ஓட்டிப் பாடிப் பதிவுசெய்து, பிறகு இயல்பான வேகத்தில் ஓட்டி 'சிப்மங்க்ஸ்' என்ற அணில் பாடகர்களை உருவாக்கினார். நம் வீடுகளில் 33 சுற்று இசைத்தட்டை 45 சுற்றில் வைத்துச் சிரித்த தலைமுறையும் அதைத்தான் செய்தது: 1.35 மடங்கு, ஐந்து செமிடோனுக்குச் சற்று மேல். நாம் அறியாமலே கேட்ட சிறு அணில்தனமும் உண்டு. சினிமாப் படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். இந்தியாவில் இருந்த 'பால்' (PAL) என்ற முறைத் தொலைக்காட்சிக்கு 25 தேவை. அதனால் படத்தை 4 சதவீதம் வேகமாக ஓட்டி மாற்றுவது வழக்கம். அப்படி மாற்றிய பழைய படத்தில் எல்லாக் குரலும் முக்கால் செமிடோன் அளவு ஏறி, தொண்டைகளும் ஒரு சுற்றுச் சிறுத்துக் கேட்கும்.

மென்பொருளுக்கு முன்னால் இதைச் செய்தவர்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில்தான் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) உருவானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவர்களுடையது. மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரிகுமாரி' (1950) டி.எம். சௌந்தரராஜன் பாடிய ஆரம்பகாலப் படங்களில் ஒன்று.

பின்னாளில் அதே டி.எம்.எஸ்., சிவாஜிக்கு ஒரு குரலும் எம்.ஜி.ஆருக்கு ஒரு குரலும் வைத்துப் பாடியதைத் தமிழ்நாடே அறியும். ரேடியோவில் பல்லவி முடிவதற்குள் இது யாருடைய பாட்டு என்று சொல்லிவிடலாம். அந்த வித்தியாசத்தைச் சுருதியை மட்டும் வைத்து விளக்க முடியாது. குரல்வளையை ஏற்றி இறக்குவது, நாக்கின் அடியைப் பின்னுக்கோ முன்னுக்கோ கொண்டுபோவது, மூக்கின் பங்கைக் கூட்டிக் குறைப்பது என்று தொண்டைக் குழாயின் வடிவத்தில் ஒரு பாடகர் செய்யக்கூடிய மாற்றங்கள் பல. அவை எல்லாமே ஃபார்மன்ட் மாற்றங்கள்தான். அதே போல 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) சிறுவன் கமல்ஹாசனுக்குப் பாடிய எம்.எஸ். ராஜேஸ்வரி வளர்ந்த பெண்மணி. குரல்வளையை மேலே தூக்கி, உதட்டைப் பக்கவாட்டில் விரித்துப் பேசினால் குழாய் குறுகும், ஃபார்மன்ட்கள் ஏறும். குழந்தைக் குரலுக்கு டப்பிங் கலைஞர்கள் கைக்கொள்ளும் வழி இது. கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள். தொண்டை முடிச்சு மேலே போவது தெரியும். எதிர்ப்பக்கம், கொட்டாவி விடுவது போலக் குரல்வளையை இறக்கி, உதட்டைக் குவித்து நீட்டினால் ராட்சசன் வருவான்.

ஆனால் ஒரு மனிதத் தொண்டையில் இதற்கு எல்லை உண்டு. நெடுநேரம் பிடித்து வைத்தால் வலிக்கவும் செய்யும். மென்பொருளின் உதவி அந்த எல்லைக்கு அப்பால் தேவைப்படுகிறது.

கலந்த ஒலியைப் பிரிப்பது எப்படி?

பதிவில் மூலமும் வடிகட்டியும் கலந்தே வருகின்றன. அவற்றைப் பிரிக்கும் வேலை 1930-களில் அமெரிக்க பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி செய்த வோகோடரில் தொடங்கியது. பிறகு வந்த முக்கியமான வழி, ஒலியின் அடுத்த புள்ளி என்னவாக இருக்கும் என்று முந்தைய சில புள்ளிகளை வைத்துக் கணிப்பது. கணிக்க முடிந்த பகுதி வாயின் வடிவத்தைக் காட்டும். கணிப்பில் சிக்காமல் மிஞ்சுவது குரல்நாணின் துடிப்பு. இதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிஷ்ணு அடல். அவருடைய வழியின் வாரிசுகள்தான் இன்றைய செல்போன்களில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் போனில் பேசும்போதெல்லாம் உங்கள் தொண்டையும் வாயும் தனித்தனியாக எண்ணாக்கப்பட்டு, மறுமுனையில் சேர்க்கப்படுகின்றன.

குரல் மாற்றும் மென்பொருள்களில் அதிகம் பயன்படும் இன்னொரு வழி புரிந்துகொள்ள இன்னும் எளிது. 1990-ஐ ஒட்டி பிரான்சில் செம்மைப்படுத்தப்பட்ட இதற்கு பிசோலா என்று பெயர். குரல்நாணின் ஒவ்வொரு துடிப்பையும் மென்பொருள் கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஒரு சிறு துண்டாக ஒலியை வெட்டுகிறது. 120 ஹெர்ட்ஸ் குரலில் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி 8.3 மில்லிநொடி. அந்தத் துண்டுகளை 5.6 மில்லிநொடிக்கு ஒன்றாக நெருக்கி அடுக்கினால் சுருதி 180 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். துண்டுக்குள் கை வைக்கவில்லை. வாயின் முத்திரை துண்டுக்குள்தான் இருக்கிறது. ஆகவே ஃபார்மன்ட் அப்படியே நிற்கும். நேரம் குறையாமல் இருக்கத் தேவையான துண்டுகளை இருமுறை வைத்துக்கொள்ளும். ஃபார்மன்ட்டை மட்டும் மாற்ற வேண்டுமா? இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டையும் உள்ளுக்குள் சுருக்கவோ இழுக்கவோ செய்தால் போதும். சுருதி துண்டுகளின் இடைவெளியில், உருவம் துண்டின் உள்ளே. இரண்டு திருகுகளும் இப்படித்தான் பிரிகின்றன.

எந்த மென்பொருளில் எங்கே?

ஸ்டுடியோக்களில் புழங்கும் மெலோடைனில் பிட்சுக்கு ஒரு கருவியும் ஃபார்மன்ட்டுக்கு ஒரு கருவியும் தனித்தனியே உண்டு. லாஜிக் புரோவின் வோக்கல் டிரான்ஸ்ஃபார்மர், சவுண்ட்டாய்ஸின் லிட்டில் ஆல்டர்பாய் ஆகியவற்றில் இரண்டு திருகுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஏபிள்டன் லைவில் 'காம்ப்ளெக்ஸ் புரோ' முறையைத் தேர்ந்தெடுத்தால் ஃபார்மன்ட் அளவு தெரியும். ரீப்பரில் பிட்ச் முறைகளுக்குள் ஃபார்மன்ட்டைக் காக்கும் தேர்வு இருக்கிறது. ஆட்டோ-டியூனில் தொண்டை நீளம் என்ற பெயரிலேயே ஒரு வசதி உண்டு.

காசில்லாமல் கற்றுக்கொள்ள ஏற்றது பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் பேச்சொலி ஆய்வுக்காகச் செய்த இலவச மென்பொருள் இது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எண்களை மறைக்காது. ஒலிக்கோப்பைத் திறந்து, 'கன்வர்ட்' பட்டியலில் 'சேஞ்ச் ஜெண்டர்' என்பதை அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஃபார்மன்ட் விகிதம், புதிய சுருதியின் நடுமதிப்பு, சுருதி ஏற்ற இறக்கத்தின் அளவு, நேர அளவு ஆகியவற்றைத் தனித்தனியாக நிரப்பலாம். சுருதிக்கு 0 என்று கொடுத்தால் பழைய சுருதியே தொடரும்.

சில மென்பொருள்கள் ஃபார்மன்ட்டை விகிதமாகக் கேட்கும், சில செமிடோனாகக் கேட்கும். மாற்றிக்கொள்ள இந்த மூன்று எண்கள் நினைவிருந்தால் போதும்: 1.15 மடங்கு என்பது ஏறக்குறைய 2.4 செமிடோன், 1.2 என்பது 3.2, 1.35 என்பது 5.2.

நம் கதைக்கு அளவெடுப்போம்

உங்கள் பேச்சுச் சுருதி 120 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம்.

பேத்திக்கு: சுருதி இரண்டு மடங்கு, அதாவது 12 செமிடோன் மேலே. ஃபார்மன்ட் 1.35 மடங்கு, 5 செமிடோன் மேலே. குழாய் 13 சென்டிமீட்டர் ஆகிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு நம்பக்கூடிய அளவு.

பாட்டிக்கு: பெண்களின் பேச்சுச் சுருதி வயதாக ஆகச் சற்று இறங்கும். எனவே 180 ஹெர்ட்ஸ் போதும், 7 செமிடோன். ஃபார்மன்ட் 1.15, அதாவது 2 முதல் 2.5 செமிடோன். இளம்பெண்ணுக்கும் பாட்டிக்கும் குழாய் நீளம் பெரிதாக வேறுபடாது. முதுமையைக் காட்டுவது சுருதியின் தளர்வும், குரலின் கரகரப்பும், பேச்சின் நிதானமும்தான்.

கரடிக்கு: சுருதி 5 செமிடோன் கீழே, 90 ஹெர்ட்ஸ். ஃபார்மன்ட் 0.8 மடங்கு, ஏறக்குறைய 4 செமிடோன் கீழே. குழாய் 22 சென்டிமீட்டராக நீள்கிறது. எந்த மனிதருக்கும் இல்லாத நீளம், அதுதான் வேண்டும். சுருதியை இன்னும் இறக்கினால் வார்த்தை கரைந்துபோகும். பெரிய உருவம் என்ற எண்ணத்தை ஃபார்மன்ட்டே தந்துவிடும்.

ஒரு பயிற்சி செய்யுங்கள். சுருதியைத் தொடாமல் ஃபார்மன்ட்டை மட்டும் ஒவ்வொரு செமிடோனாக நகர்த்திக் கேளுங்கள். இரண்டு செமிடோன் வரை 'வேறு யாரோ' என்று தோன்றும். நான்கைத் தாண்டினால் செயற்கை தலைகாட்டும். நல்ல ஒலிப்பதிவாளர்கள் ஃபார்மன்ட் திருகை மிகக் குறைவாகத்தான் அசைப்பார்கள். பாடகர் ஒருவரின் ஒரு வரியை மூன்று செமிடோன் ஏற்றிக் கோரஸ் குரலாக்கும்போது, ஃபார்மன்ட்டை ஒரு செமிடோன் கீழோ மேலோ நகர்த்தினால் அதே ஆள் இரண்டு பேராகக் கேட்பார்.

எங்கே சறுக்கும்?

மென்பொருள் துடிப்பைத் தேடித்தான் ஒலியை வெட்டுகிறது. ஒரு நேரத்தில் ஒரு குரல் என்றால்தான் அது சரியாகக் கிடைக்கும். ஏற்காட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பதிவுசெய்தால் சில்வண்டும் காற்றும் பறவையும் கூடவே வரும். அவையும் வெட்டப்பட்டு உலோகச் சத்தமாக மாறும். மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, மெத்தை, போர்வை உள்ள அறையில் எதிரொலி இல்லாமல் எடுங்கள். குகைக்குள் பேசுவது போன்ற எதிரொலி வேண்டுமென்றால் குரலை மாற்றிய பிறகு சேர்க்க வேண்டும், முன்பு அல்ல.

உச்சஸ்தாயியில் மென்பொருளுக்கே கண் கட்டிவிடும். 400 ஹெர்ட்ஸில் பாடும்போது மடங்குகள் 400, 800, 1200 என்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. 'ஈ'யின் முதல் ஃபார்மன்ட் இருக்கும் 300 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒலியே இல்லை. இல்லாத இடத்தில் சிகரம் எங்கே என்று மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். உச்சத்தில் பாடும் பாடகிகள் ஈ, ஊ போன்றவற்றில் வாயை அகலத் திறந்து எழுத்தைச் சற்று விட்டுக்கொடுப்பதற்கும் இதுவே காரணம்.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுவதில் இரண்டாவது, மூன்றாவது ஃபார்மன்ட்களுக்குப் பெரும் பங்கு. ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பெர்ட், அபிகேல் கௌன் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தமிழ் ஒலிகளுக்கு நாக்கு எப்படி வளைகிறது என்று எம்.ஆர்.ஐ. படங்கள் எடுத்தே பார்த்தார்கள். ழகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் தாழ்ந்து இரண்டாவதை நெருங்கும். நெருங்கி நிற்கும் இரண்டு சிகரங்களை ஒன்றாக எண்ணிவிடும் மென்பொருளில் 'பழம்' குழையும். மாற்றிய குரலைச் சோதிக்க மழை, கிழவி, வாழை போன்ற சொற்கள் கொண்ட ஒரு வரியை வைத்துக்கொள்வது நல்லது.

மறைப்பதற்கும் போலி செய்வதற்கும்

செய்திகளில் ஒருவரின் அடையாளத்தைக் காக்கக் குரலை இறக்கி ஒலிபரப்புகிறார்கள். சுருதியையும் ஃபார்மன்ட்டையும் ஓர் அளவுக்கு நகர்த்தியிருந்தால், அதே அளவு எதிர்ப்பக்கம் நகர்த்தி ஏறக்குறைய பழைய குரலைத் திரும்ப எடுத்துவிடலாம். குழந்தையோ பாதிக்கப்பட்டவரோ பேசிய பதிவென்றால், அவர் சொன்னதை வேறொருவர் பேசிப் பதிவுசெய்வதே பாதுகாப்பு.

ஃபார்மன்ட் திருகால் ஒரு குறிப்பிட்ட மனிதராக மாறவும் முடியாது. 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரல் ஒலித்தது. அவை செயற்கை நுண்ணறிவு ஒருவரின் பதிவுகளைப் படித்து, அவருடைய எழுத்துக்கு எழுத்து மாறும் சாயலைக் கற்றுக்கொண்டு உருவாக்கியவை. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் அறிவித்தார். இரண்டு திருகுகள் உருவத்தின் அளவை மாற்றும், ஆளை மாற்றாது.

அந்த எல்லைதான் நம் ஒலிக்கதைக்கும் விடை. திருகு தருவது 13 சென்டிமீட்டர் தொண்டை மட்டுமே. பேத்தி எங்கே மூச்சு வாங்குவாள், எந்தச் சொல்லை இழுப்பாள், பாட்டி எந்த இடத்தில் இருமுவாள், கரடி எவ்வளவு யோசித்துப் பேசும் என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது. பேத்தியின் வசனத்தைப் பெரியவர் தோரணையில் பேசிவிட்டு 1.35 மடங்கு ஏற்றினால், சிறு தொண்டை வைத்த பெரியவர்தான் பேசுவார். முதலில் நடித்துப் பதிவுசெய்யுங்கள். சுருதியையும் உங்களால் முடிந்தவரை வாயாலேயே ஏற்றுங்கள். பாக்கியிருக்கும் இரண்டு மூன்று செமிடோனுக்கு மட்டும் திருகைத் தொடுங்கள். திருகுவது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு நம்பும்படி பேத்தி பேசுவாள்.